சித்தி முன்னே போன வைகாசி

கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டோம். என்னோடு எட்டாம் வகுப்பில் பெஞ்சைத் தேய்த்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. இனிமேல் உங்களிடம் ஒளித்து வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கோடையைப் பற்றி நம் பக்கத்து ஆள் யாரைக் கேட்டாலும் அந்த ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரியைத்தான் சொல்வார்கள். நான் அதற்கு முந்தின நாள் விடியற்காலையைச் சொல்லப் போகிறேன். அன்றைக்கு யார் யாரை விட்டுப் போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்களாவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிறதே, அந்த இடம் அப்போது எங்கள் வேர்க்கடலைக் கொல்லை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை என்று நாலு பேர். அத்தை, அப்பாவின் அக்கா. மாமா போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். வந்தது விருந்தாளியாகத்தான், ஆனால் ஒரே மாதத்தில் வீடே அவள் கைக்குப் போய்விட்டது. அவள் வாயைத் திறந்தால் அப்பா கொல்லைக்குக் கிளம்பிவிடுவார். அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். மாட்டிக்கொள்வது நான்தான்.

அப்பாவின் தம்பி பட்டாளத்தில் இருந்தார். அந்தச் சித்தப்பா ஐப்பசி மாதத்து மழையில் ஒரு நாள் நனைந்துகொண்டே வந்து நின்றார். பக்கத்தில் ஒரு பெண். வெள்ளை நிறம், கன்னம் மட்டும் வெயிலில் காய்ந்த மாதிரி சிவப்பு, தலையில் முக்காடு, தோளில் ஒரு கம்பளி. அந்தக் கம்பளி நனைந்து ஆட்டுக்கிடை வாசனை அடித்தது. வடக்கே, மலையில், சீன எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அவருக்கு டூட்டியாம். அங்கேயே தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தை முதலில் மார்பில் அடித்துக்கொண்டாள். பிறகு ஆரத்தி எடுத்தாள். இரண்டும் கால் மணி நேரத்துக்குள்.

சித்தப்பாவுக்கு இருபது நாள்தான் லீவு. அவரை வேறு எங்கோ மாற்றியிருந்தார்கள். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடம். அதனால் சித்தியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். போகும்போது என் தலையில் கை வைத்து, "பாப்பா, உனக்குத்தான் ஹிந்தி தெரியுமே. சித்திக்கு நீதான் வாயி" என்றார்.

எனக்குத் தெரிந்த ஹிந்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படப்பையில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் டியூஷன். இரண்டு பரீட்சை பாஸ் செய்திருந்தேன். 'இது மேஜை, அது நாற்காலி, ராமன் பள்ளிக்கூடம் போகிறான்' வரை சரளமாகப் பேசுவேன். சித்திக்கும் ஹிந்தி பள்ளிக்கூடத்தில் கற்றதுதான். அவள் வீட்டு மொழி வேறு. ஆகவே இரண்டு பேரும் மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி பேசிக்கொள்வோம். அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

பின்பக்கம் சார்ப்பு இறக்கி அவளுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். அங்கே ஒரு சின்ன மண் அடுப்பு வைத்துக்கொண்டாள். வந்த மூன்றாம் நாளே அவள் ஊர்த் தேயிலையைக் கொதிக்க வைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டு, மத்தால் கடைந்து, அத்தைக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அத்தை ஒரு வாய் குடித்தாள். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்!

"அய்ய, இன்னாடி இது? மாட்டுக்கு வெக்கிற கயினித் தண்ணி மாரி கீது. இனிமே இத்த என் கண்ல காட்னா நடக்கிறதே வேறன்னு சொல்லு."

சித்தி என் முகத்தைப் பார்த்தாள். கழனித் தண்ணிக்கு ஹிந்தியில் என்ன? எனக்குத் தெரியாது. 'நடக்கிறதே வேறு' என்பதை எப்படிச் சொல்வது? அதுவும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"ரொம்ப நன்றாக இருக்கிறதாம்."

சித்தியின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்து எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் அத்தைக்கு இரண்டு டம்ளர் வந்தது.

"பாத்தியா இவ திமிர? வேணாம் வேணாம்னா ரெண்டா கொண்டாறா!"

"அவங்க ஊர்ல பெரியவங்களுக்கு ரெண்டுதான் தரணுமாம் அத்த. இல்லன்னா மரியாத இல்லியாம்."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே முருங்கை மரத்தடியில் கொட்டினாள். இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வார்த்தை தெரியாமல் செய்தேன். அப்புறம், இப்படிச் சொன்னால் வீட்டில் சண்டை வருவதில்லை என்று தெரிந்து செய்தேன். அதற்கும் அப்புறம் அது ஒரு ருசியாகவே ஆகிவிட்டது. பெரியவர்கள் என்ன பேசினாலும் என் வாய் வழியாகத்தான் போகவேண்டும். நான் விட்டதுதான் போகும். பதிமூன்று வயதுக்கு அது சின்ன அதிகாரமா?

ஒரு பக்கத்துக்கு இனித்தது, மறுபக்கத்துக்குக் கசந்தது. அத்தை திட்டத் திட்ட, சித்தி சிரித்துக்கொண்டே நின்றாள். அத்தைக்கு அது கொழுப்பாகத் தெரிந்தது. "சொரண கெட்டவ" என்றாள். சித்திக்கோ அத்தை தங்கமானவளாகத் தெரிந்தாள். "உன் அத்தை உரக்கப் பேசுகிறாள். ஆனால் பேசுவதெல்லாம் நல்ல பேச்சு" என்று என்னிடம் சொன்னாள். நான் ஆமாம் என்றேன்.

சித்தி நடக்கும்போதும் சும்மா நடக்கமாட்டாள். கையில் ஒரு தக்களியைச் சுழலவிட்டு, கம்பளி நூற்றுக்கொண்டே நடப்பாள். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மத்தியான வேளையில் சார்ப்பில் உட்கார்ந்து எனக்கு அவள் ஊரைச் சொல்வாள். என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் படம் போடுவேன். மரத்தால் கட்டிய வீடுகள் இருபத்தைந்து முப்பது. கூரையில் காற்றுக்குப் பறக்காமல் கல். கீழே ஆறு, அதன்மேல் தொங்குபாலம். பாலத்தைத் தாண்டினால் போலீஸ் சாவடி. அதற்கும் மேலே ஆடு மேய்கிற சரிவு, ஒரு கணவாய், ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு தேசம்.

"கோடு எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். நம் ஊர் எல்லைக்கு ஏரிக்கரையில் ஒரு கல் உண்டு, அதைத் தாண்டினால் அடுத்த ஊர்க்காரன் சண்டைக்கு வருவான். தேசத்துக்கு இன்னும் பெரிய கல்லாக இருக்கவேண்டும் அல்லவா?

"கோடு கிடையாது. ஓடை இருக்கிறது. ஆடு தாண்டிப் போகும். நாங்கள் இந்தப் பக்கம் நின்று விசில் அடிப்போம். சாயங்காலம் அதுவாகத் திரும்பி வரும்."

"ஆட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்களா?"

"ஆட்டிடம் என்ன கேட்பார்கள்?" என்று சிரித்தாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. படத்தில் ஓடையின் மேல் சிவப்புப் பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு போட்டுவைத்தேன். கோடு இல்லாமல் எப்படி?

இதைவிடக் குழப்பம் இன்னொன்று இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு வீடு. கோடைக்கு மேலே ஒன்று, பனிக்குக் கீழே ஒன்று. ஐப்பசியில் மொத்த ஊரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஆடு, மாடு, நாய், சாமி எல்லாவற்றோடும் கீழே இறங்கிவிடும். வைகாசியில் மறுபடி ஏறும். ஏறும்போது ஒரு முறை உண்டு: வீட்டின் இளைய மருமகள் முன்னே போகவேண்டும். அவள் போய்க் கதவைத் திறந்து, கூட்டி, அடுப்பு மூட்டி, படுக்கை விரித்து வைப்பாள். பதினைந்து நாளில் மற்றவர்கள் பின்னால் வந்து சேர்வார்கள். அவர்கள் வந்து அந்த அடுப்பில் சாப்பிட்டால்தான் அந்த வருஷத்துக்கு அவள் அந்த வீட்டு மருமகள்.

"இந்த வருஷம் நான்தான் இளைய மருமகள்" என்றாள் சித்தி. "இதுதான் நம் பனிக்கால வீடு. ரொம்பக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான்."

ஐப்பசியில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு ஏதோ மங்கலாகப் புரிந்தது. மேலே அவள் அப்பா அவளுக்கென்று ஒரு வீடு கொடுத்திருந்தார். சித்தப்பாவும் புது மாப்பிள்ளைச் சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பார். நாங்கள் கொல்லையையும் மாட்டையும் விட்டு இம்மியும் நகராத ஆட்கள் என்று அவளுக்கு யார் சொல்வது?

பங்குனியில் ஒரு சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். சித்தி என் முழங்கையைத் தொட்டாள். கேள் என்றாள். பனி உருகத் தொடங்கியிருக்கும்; வைகாசியில் எல்லோரும் மேலே வருகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள்.

நான் கேட்டேன். அப்பா சிரித்தார். "நல்ல கதயா கீதே" என்றார். அம்மா, "பாவம், ஆசையாக் கேக்குது" என்றாள். அத்தை கையிலிருந்த காயை முறத்தில் எறிந்தாள்.

"இவ கூப்டா நாம மூட்ட முடிச்சக் கட்டிகினு மலையேறணுமா? இங்க கொல்லைய யாரு பாப்பா, இவ அப்பனா? எங்கியும் ஒர்த்தரும் வரமாட்டாங்க, வாயப் பொத்திகினு வேலயப் பாக்கச் சொல்லு."

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த முகத்தைப் பார்த்து 'வரமாட்டார்கள்' என்று சொல்லியிருக்கவேண்டும். அந்த வார்த்தை எனக்கு ஹிந்தியில் தெரியும். முதல் பரீட்சையிலேயே உண்டு.

"வருகிறார்களாம். கொல்லை வேலை முடிந்ததும் எல்லோரும் வருகிறார்களாம்" என்றேன்.

சித்தி எழுந்து வந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னாடி இது, திட்னா கும்புடறா?" அத்தைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பைத்தியமா இவ?"

"அவங்க ஊர்ல அப்பிடித்தான் அத்த."

அதற்குப் பிறகு என் பிடியில் எதுவும் இல்லை. சித்தி ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு எங்கள் எல்லோர் காலையும் அளந்தாள், கம்பளி உறை பின்னுவதற்கு. "என் கால இன்னாத்துக்குடி அளக்கறா?" என்று அத்தை கேட்டபோது, "சும்மா வெளயாட்டுக்கு" என்றேன். அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிற வெயிலில், சார்ப்பில் உட்கார்ந்து அவள் கம்பளி பின்னிக்கொண்டிருப்பதை ஊரே பார்த்துச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சில நாள் ராத்திரி படுத்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் அந்தத் தொங்குபாலத்தில் வரிசையாக நடந்து போகிற மாதிரி நினைத்துப் பார்ப்பேன். அத்தை பயந்து கத்துவாள். அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். சொல்லச் சொல்ல நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது. அல்லது நம்பவில்லையா? இதுதான் எனக்கு இன்னும் விளங்காத இடம்.

அந்தத் திங்கட்கிழமை விடிவதற்குள் சித்தி என்னை எழுப்பினாள். தாம்பரத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். முறைப்படி முன்னே போகிறவள் பெரியவர்களை எழுப்பி விடைபெறக் கூடாதாம். விடைபெற்றால் பிரிவு ஆகிவிடுமாம். அதனால் நான் மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை போனேன்.

"பதினைந்து நாள்" என்றாள். "கடைசி பஸ் நிற்கிற இடத்தில் என் பேரைச் சொல், யாராவது கொண்டுவந்து விடுவார்கள். அத்தையை மெதுவாக ஏறச் சொல். மேலே மூச்சு வாங்கும்."

"சரி சித்தி."

பஸ் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

நான் திரும்பி வந்து பாயில் படுத்துக்கொண்டேன். எழுப்பியது அத்தையின் அலறல். சார்ப்பில் சித்தியின் அடுப்பு அணைத்து, மண்ணால் மெழுகியிருந்தது. பாத்திரம் எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பின் மேல் ஒரு கைப்பிடி அரிசி. பூட்டிவிட்டுப் போகிற வீடு பசியோடு இருக்கக்கூடாது என்று அவர்கள் அரிசி வைப்பார்கள்; எனக்குத் தெரியும், அவள் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைக் கவிழ்த்து அரிசி வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

"பாவி! வூட்டுக்கு வாய்க்கரிசி போட்டுட்டுப் போயிட்டாடா தம்பி! ஓடிட்டாடா!"

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு படப்பை வரை போய்த் தேடிவிட்டு வந்தார். அம்மா என்னைக் கேட்டாள், "உங்கிட்ட எதுனா சொல்லிச்சாடி?"

சொன்னால், 'வருகிறோம் என்று அவளிடம் யார் சொன்னது' என்று அடுத்த கேள்வி வரும். "இல்லம்மா" என்றேன். பதினைந்து நாளில் எல்லாம் எப்படியாவது சரியாகிவிடும் என்று நினைத்தேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அன்று ராத்திரி எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், ஸ்ரீபெரும்புதூரில், தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததும் தேசமே நிலைகுலைந்ததும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புதன்கிழமை பஸ் இல்லை, கடை இல்லை. ரோட்டில் ஒரு நாய்கூட நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஜனங்கள் வெளியே வந்து பேச ஆரம்பித்தபோது, பேச்சு எங்கள் வீட்டில் வந்து நின்றது. ஊர் பேர் தெரியாத பெண் ஒருத்தி, ஆறேழு மாதம் இருந்தாள், பாஷை புரியாது, சரியாக முந்தின நாள் விடியலில் காணாமல் போனாள். ஜனங்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாரம் அவரவர் நிழலைப் பார்த்தே அவரவர் பயந்தார்கள்.

விசாரிக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏட்டு, இன்னொருவர் சாதாரண சட்டை போட்டவர். அதட்டவில்லை, மிரட்டவில்லை. சித்தியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அதில் என் கணக்கு நோட்டு இருந்தது. சட்டைக்காரர் பின்பக்கத்தைப் புரட்டி நிமிர்ந்தார்.

"இது யார் வரைஞ்சது?"

"நான் சார்."

"பாலம், போலீஸ் சாவடி, பாதை... இந்தச் சிவப்புக் கோடு என்னம்மா?"

"எல்லை சார். ஆனா அங்க கோடு கெடையாது சார். நாந்தான் போட்டேன்."

"கோடு இல்லன்னா நீ ஏன் போட்ட?"

"எனக்குப் புரியல சார், அதனால போட்டேன்."

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சட்டைக்காரர் சிரிக்கவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து, "பாப்பா, சித்தி போகும்போது உன்கிட்ட எதாவது சொன்னாளா? பயப்படாம சொல்லு" என்றார். அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை.

சித்தி போனதைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. பதிலும் ஒரே வரிதான்: 'அவங்க ஊர் வழக்கம் சார், வீடு திறக்கப் போயிருக்காங்க.' சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்ல சார்."

நோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவே இல்லை. சித்தப்பாவின் முகாமுக்குத் தந்தி போயிற்று. அவரை அதிகாரி கூப்பிட்டு இரண்டு நாள் கேள்வி கேட்டாராம். அந்த மலை ஊருக்கே ஆள் போய், சித்தி தன் வீட்டில் அடுப்பு மெழுகிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தார்கள். சந்தேகம் எதுவும் இல்லை என்று எங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் எங்கள் தெருவில் யாரும் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

ஆனி பிறந்து ஒரு கார்டு வந்தது. ஹிந்தியில். அப்பா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

சின்னச் சின்ன எழுத்தில் சித்தி எழுதியிருந்தாள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. 'வீடு திறந்துவிட்டேன். நான்கு பேருக்குப் படுக்கை விரித்திருக்கிறேன். கம்பளி உறைகளை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், சூடாக இருக்கும். பதினைந்து நாள் தாண்டிவிட்டது. ஊரில் எல்லா வீட்டுக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள், நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வழியில் ஏதாவது கஷ்டமா? தினமும் பாலம் வரை வந்து பார்க்கிறேன்.'

"இன்னா எயிதிக்கீறா? படி" என்றாள் அத்தை.

உள்ளதைப் படித்தால் என் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். உப்புத் தேநீரிலிருந்து எல்லாம் வெளியே வரும். போலீஸிடம் பொய் சொன்னதும் வரும். போலீஸிடம் பொய் சொன்னால் ஜெயில் என்று நான் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் நல்லா இருக்கேன்" என்று படித்தேன். "எனக்கு எங்க ஊருதான் புடிச்சிருக்கு. என்னத் தேட வேணாம்."

"அவ்ளோதானா? அம்மாம் எயித்து கீதே?"

"ஹிந்தில எழுத்து ஜாஸ்தி அத்த."

அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அத்தை மட்டும் எழவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"நாந்தான் ரொம்பத் திட்டிட்டனா? ஆறேயு மாசம் சிரிச்சிகினே நின்னாளேடி. அந்தக் கருமம் புடிச்ச டீயத்தான் ஒரு வாட்டியாவது குடிச்சித் தொலச்சிருக்கலாம்." பிறகு என் கையைப் பிடித்தாள். "ஒரு கடுதாசி எயிதலாமா? வான்னு."

"தேட வேணாம்னு எழுதிட்டாளே, வுடுக்கா" என்று அப்பா கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார்.

அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தை என்னை அடித்திருப்பாள். நாலு நாள் வீங்கியிருக்கும். அப்புறம், எனக்கு இப்போது தோன்றுகிறது, அப்பாவை இழுத்துக்கொண்டு டெல்லிக்கு ரயில் ஏறியிருந்தாலும் ஏறியிருப்பாள். அவளை வாய் பெரிய கிழவி என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது என் இப்போதைய வயதுதான். பத்து வருஷம் கழித்து அவள் சாகிறபோதும் நான் சொல்லவில்லை.

புரட்டாசி கடைசியில் சித்தப்பா வந்தார், தனியாக. டிரங்குப் பெட்டியை எடுத்துப் போவதற்கு. வாசலில் நின்றபடியே அப்பாவிடம் கேட்டார்.

"வர்றேன்னு சொல்லிட்டு ஏண்ணா வரல? லீவு போட்டு நானும் அங்க போய் ஒக்காந்திருந்தேன். ஊரு பூரா பாத்து சிரிச்சிது."

"யாருடா வர்றேன்னு சொன்னது? ஒன் பொண்டாட்டி கத கட்றா. கார்டுல தேட வேணாம்னு எயிதினவதானே அவ?"

"அவளா எயிதினா? பொய் பேசாத!"

"எவன்டா பொய் பேசறது?"

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. இரண்டு பேரும் சொன்னது நிஜம். ஆளுக்கொரு நிஜத்தை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பொய்யன் என்றார்கள். கார்டை எடுத்துவாடி என்று அப்பா சொன்னார். அதை நான் ஆடியிலேயே அடுப்பில் போட்டுவிட்டேன். காணோம்பா என்றேன். சித்தப்பா செம்பில் வைத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. பட்டாளம் முடிந்ததும் மேலேயே தங்கிவிட்டார்.

ரோடு வரை நான் கூடப் போனேன். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பையிலிருந்து காய்ந்த பழங்கள் ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார்.

"சித்தி குடுத்தனுப்புனா. உனக்கு மட்டும்தான்."

நான் வாங்கிக்கொண்டேன்.

"மொதல் பனி வுழற வரைக்கும் கதவப் பூட்டலடி அவ. நாந்தான் பூட்ட வெச்சேன். வூட்டு ஆளுங்க வந்து சாப்டாத அடுப்பு, இனிமே நான் எப்பிடி அந்த வூட்டு மருமவ ஆவேன்னு கேக்கறா. இன்னா பதில் சொல்றது?" ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆனா ஒன்ன ஒரு வார்த்த சொல்லமாட்டா. அந்த வூட்ல பொய் பேசத் தெரியாத ஒரே ஆளு அந்தப் பொண்ணுதான்னுவா. பெரியவங்க சொன்னத நம்பி, பாவம், அப்பிடியே எங்கிட்ட வந்து சொல்லிச்சு, அதையும்தான் ஏமாத்திட்டாங்கன்னுவா."

தாம்பரம் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. சித்தப்பா பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"சித்திக்கு எதுனா சொல்லணுமா?"

என் தொண்டைவரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

"கேட்டேன்னு சொல்லுங்க சித்தப்பா."

அவர் அதை ஓர் எழுத்து மாறாமல் அவளிடம் போய்ச் சொல்லியிருப்பார்.